கொட்டகையில் நிற்கும் 1968 அம்பாசிடர்

வணக்கம். திருமங்கலத்தில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் உங்கள் தாத்தாவின் அம்பாசிடரைப் புதுப்பிப்பதா, விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினை நினைத்துக் கலங்க வேண்டாம். அந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் எளிய அமைப்புடையது, அனுபவமுள்ள மெக்கானிக் பிரித்துச் சேர்த்துவிடுவார். ஆனால் இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடற்கூடே முழுப் பாரத்தையும் தாங்குகிறது என்பதால், கதவுகளுக்குக் கீழுள்ள சட்டங்களும் பின்புற லீஃப் ஸ்பிரிங் பொருந்தும் இடங்களும் துருப்பிடித்து உளுத்திருந்தால், பெயிண்டுக்குக் கொட்டும் பணம் அத்தனையும் வீணாகும். ஆகவே விலை பேசுவதற்கு முன், வண்டியைத் தூக்கி நிறுத்தி, அந்த இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்குமாறு மதுரையில் நல்ல டிங்கர் ஒருவரிடம் சொல்லுங்கள். ஆர்.சி. தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுப் பெயர்மாற்றத்தையும் தொடங்கிவிடுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு அன்றாட ஓட்டத்துக்கு உதவாது. கூடு உறுதியாக இருக்குமானால், தயவுசெய்து விற்காதீர்கள்.