பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில ஒரு வார்த்தை பேச சொல்லியிருக்காங்க, பத்து நிமிஷம்தான், எப்படி தயார் பண்றது?

பன்னெண்டுல இருந்து மூணு மணி வரைக்கும் நடக்கிற ஆராதனை, இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையையும் ஆளுக்கு ஒண்ணா பேசுவாங்க, அதுல உங்களுக்கு எந்த வார்த்தைன்னு கேள்வியில நீங்க போடல. "நான் ஊழியத்துல எல்லாம் இல்ல, சாதாரண சபை மெம்பர், முதல் தடவை"ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. எனக்கென்னமோ நீங்க ஒரு பொண்ணு, உங்க தலையில மூணாவது வார்த்தையைத்தான் கட்டியிருப்பாங்கன்னு தோணுது. இல்லன்னா கோச்சுக்காதீங்க, எங்க சேகரத்துல (ஒரு பாஸ்டர் பாக்குற சபைகள்) அப்படித்தான். முதல் வார்த்தை வெளியூர்ல இருந்து வர்ற ஐயருக்கு (தூத்துக்குடி திருநெல்வேலி பக்கம் சிஎஸ்ஐல, அதாவது தென்னிந்திய திருச்சபையில, பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், மத்த ஊர்க்காரங்க குழம்பாதீங்க), நாலாவது வார்த்தை யாராவது ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு, அஞ்சாவது வாலிபர் சங்கத்துக்கு, மூணாவதான, தன் அம்மா மரியாள்கிட்ட இயேசு சொன்ன "ஸ்திரீயே, அதோ, உன் மகன்" மட்டும் கண்ண மூடிக்கிட்டு பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. ஏன்னு கேட்டா "டீச்சர், அம்மா சம்பந்தப்பட்டது, உங்களுக்குத்தான் பொருத்தமா வரும்"னு சிரிப்பாங்க. உயிர்த்தெழுந்தவரை முதல்ல பாத்து போய் சொன்னதே ஒரு பொம்பள, ஆந்திராவுல நந்தியால்ல 2013லயே புஷ்பலலிதா அம்மா சிஎஸ்ஐ பிஷப்பாவே ஆயாச்சு, எங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் மரியாளோட கண்ணீர்.

(சபையில ஸ்திரீகள் பேசாம இருக்கணும்னு வர்ற 1 கொரிந்தியர் 14ஐ தூக்கிட்டு கமெண்ட்டுக்கு வர்றவங்க தயவுசெஞ்சு அதே நிருபத்துல 11ம் அதிகாரத்தையும் வாசிச்சிட்டு வாங்க. அங்க ஸ்திரீ தீர்க்கதரிசனம் சொல்றதை பவுல் வேண்டாம்னு சொல்லல, எப்படி சொல்லணும்னுதான் பேசுறார்.)

"தவக்காலம், அதாவது லெந்தே வேதத்துல இல்ல, மும்மணி எங்க இருக்கு"ன்னு கேக்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். இல்லதான். நான் இருக்குன்னு சொல்லவே இல்ல. தென் அமெரிக்காவுல பெரு நாட்டு லீமாவுல 1687ல பெரிய பூகம்பம், அதுக்கப்புறம் அங்க இருந்த அலோன்சோ மெசியாங்கிற ஏசு சபை சாமியார் ஆரம்பிச்ச தியானம்னு சொல்லுவாங்க. கத்தோலிக்கர்கிட்ட இருந்து ஆங்கிலிக்கனுக்கு வந்து அப்படியே நம்ம ஊருக்கும் வந்துடுச்சு. வேடிக்கை என்னன்னா கத்தோலிக்க ஃப்ரெண்ட்ஸை கேட்டா அவங்களுக்கு சிலுவைப்பாதை பதினாலு நிலைதான் பழக்கம், இது நம்ம சமாச்சாரம்னு நினைக்கிறாங்க. வேதத்துல இல்லாததால தப்புன்னு ஆகாது. பன்னெண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் பூமியெங்கும் அந்தகாரம் உண்டாச்சுன்னு இருக்குல்ல, அந்த நேரம் முழுக்க சும்மா கூட உக்காந்திருக்கிறதுதான் விஷயமே.

சரி, தயாரிப்புக்கு வர்றேன். மொதல்ல உங்க வார்த்தை எந்த சுவிசேஷத்துல இருக்குன்னு பாருங்க. ஏழும் ஒரே புஸ்தகத்துல வரிசையா இல்ல. லூக்கால மூணு, யோவான்ல மூணு, மத்தேயுவும் மாற்கும் சொல்றது ஒரே ஒண்ணு, "என் தேவனே என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்". ஒண்ணு ரெண்டுன்னு வரிசை போட்டது பின்னாடி வந்தவங்க. அதனால உங்களுக்கு மூணாவதுன்னா யோவான் 18, 19 அதிகாரத்தை மட்டும் சத்தமா, வாய்விட்டு, ஒரு வாரம் தினமும் வாசிங்க. மத்த சுவிசேஷத்தை கலக்காதீங்க. எல்லாத்தையும் கலந்து கெத்செமனேல ஆரம்பிச்சு கல்லறை வரைக்கும் போறவங்களாலதான் ஏழு பேரும் ஒரே பிரசங்கத்தை பண்ற மாதிரி இருக்கு. யூடியூப் பாத்து "முப்பத்தொன்பது அடி, ஆணி இத்தனை இஞ்ச், நரம்பு இப்படி கிழிஞ்சது"ன்னு டாக்டர் ரிப்போர்ட் வாசிக்கிறதும் வேண்டாம். அந்த முப்பத்தொன்பது எந்த சுவிசேஷத்துலயும் கிடையாது. "ஒன்று குறைய நாற்பதடி"ன்னு பவுல் தான் வாங்கின அடியை பத்தி 2 கொரிந்தியர் 11ல சொல்றார், அது யூதர் அடிக்கிற கணக்கு, இயேசுவை அடிச்சது ரோம சேவகன். சுவிசேஷம் எழுதினவங்க "வாரினால் அடிப்பித்து"ன்னு ஒரே வரியில தாண்டிட்டாங்க, நாம ஏன் அரை மணி நேரம் அடிச்சிட்டே இருக்கணும்?

இப்ப என் கதை. 2019. லிஸ்ட் போடுற கமிட்டியில நானும் இருந்தேன், அந்த வருஷம் வாய்விட்டே கேட்டேன், எனக்கு மூணு வேண்டாம், வேற எது வேணாலும் குடுங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா வாலிபர் சங்கத் தம்பி "அக்கா, அஞ்சாவது எடுத்துக்கோங்க, எனக்கு பேச்சும் வராது"ன்னு விட்டுக்குடுத்தான். "தாகமாயிருக்கிறேன்." சந்தோஷமா வந்தேன். ஏப்ரல் 19 பெரிய வெள்ளி. பாத்தா ஏப்ரல் 18, பெரிய வியாழன் அன்னைக்கு தமிழ்நாட்டுக்கு எம்பி எலெக்‌ஷன்! நான் டீச்சர், டியூட்டி கட்டாயம். லெந்துல வர்ற ஞாயித்துக்கிழமையில ட்ரெயினிங் கிளாஸ் வேற, பக்கத்துல உக்காந்திருந்த சிஸ்டரம்மா ஜெபமாலையை கையில வச்சுக்கிட்டே போட்ட ஓட்டை சீட்டுல காட்டுற விவிபேட் மெஷின் கத்துக்கிட்டாங்க.

இங்க கொஞ்சம் புலம்பிக்கிறேன், பொறுத்துக்கோங்க. தேதியை மாத்த சொல்லி ஹைகோர்ட்டு வரைக்கும் போனாங்க, மாறல. அதே நாள் மதுரையில சித்திரை தேர், அங்க மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஓட்டு போடலாம்னு நேரத்தை கூட்டினாங்க. மதுரைக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, திருவிழா அன்னைக்கு எலெக்‌ஷன்னா அவங்களுக்கும் கஷ்டம்தான். ஆனா பூத்தா இருந்த பள்ளிக்கூடத்துல பாதி மிஷன் ஸ்கூலு, சர்ச் காம்பவுண்டுக்குள்ளயே இருக்கிறது, அங்க போலீஸ் நிக்கும்போது சாயங்காலம் திருவிருந்துக்கு எப்படி ஜனம் வரும்? இதை சொன்னா உடனே அரசியல் பேசுறேன்ம்பாங்க. நான் எந்த கட்சியும் இல்ல, என் பெரிய வியாழன் திருவிருந்து போச்சு, அவ்வளவுதான்.

புதன்கிழமையே போய் பூத்துலயே படுக்கை. உப்பளத்துப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். எனக்கு விரல்ல மை வைக்கிற வேலை. விளாத்திகுளம் பக்கம் போனவங்களுக்கு இடைத்தேர்தலும் சேந்து ரெண்டு மெஷின், நான் அதுல தப்பிச்சேன். ஆனா வெயில் இருக்கே! தகர ஷீட்டு கூரை. காலையில வச்ச தண்ணி கேன் பதினொரு மணிக்கெல்லாம் காலி, போன் பண்ணா "அனுப்பியாச்சு மேடம்" "வந்துட்டே இருக்கு மேடம்"தான். அப்பதான் உப்பளத்துல இருந்து பொம்பளைங்க நேரா வந்தாங்க. ஓட்டு போடுற நாள் சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு சட்டம் இருக்கு, யார் குடுக்கா. விடியறதுக்கு முன்னாடி பாத்தியில இறங்கி, வெயில் ஏறினதும் கரையேறி, கால்ல முட்டு வரைக்கும் உப்பு வெள்ளையா காஞ்சு போய் வரிசையில நின்னாங்க. அதுல ஒரு பாட்டி என்கிட்ட வந்து விரலை நீட்டாம "தாயி, ஒரு வாய் தண்ணி தா"ன்னாங்க. கேனை சாய்ச்சு பாக்குறேன், ஒரு சொட்டு இல்ல. வாசல்ல டியூட்டியில நின்ன போலீஸ்கார தம்பி, அதுவரைக்கும் வரிசையை விரட்டிக்கிட்டு இருந்தவர்தான், தன்னோட பையில இருந்து ஒரு பாட்டில எடுத்து குடுத்தார். வீட்டுல இருந்து கொண்டுவந்த மோர், அந்த சூட்டுல நல்லா புளிச்சுப் போயிருந்துச்சு. பாட்டி அண்ணாந்து ஒரே மூச்சுல குடிச்சாங்க, புளிப்புல ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க, வாயை முந்தானையில தொடச்சிட்டு அப்புறம்தான் விரலை நீட்டினாங்க.

அன்னைக்கு மெஷினுக்கு சீல் வச்சு, பாரம் எல்லாம் எழுதி, வண்டி வந்து ஏத்திட்டு போக நடுராத்திரி ஆயிடுச்சு. நான் ஏற்கனவே எழுதி வச்சிருந்தது வேற, தாகம்னா ஆத்துமாக்கள் மேல தாகம், நாமும் ஆத்தும தாகத்தோட இருக்கணும், எல்லாரும் பேசுறதுதான். அது தப்புன்னு சொல்லல. ஆனா விடியக்காலம் யோவான் 19:29ஐ வாசிச்சேன், "காடி நிறைந்த பாத்திரம் அங்கே வைக்கப்பட்டிருந்தது"ன்னு. யாருக்காக வச்சிருந்தாங்க அதை? குத்தவாளிக்கா வைப்பாங்க? காடின்னா புளிச்ச மட்டமான திராட்சரசம், ரோம சேவகங்க தண்ணி கலந்து குடிக்கிறது, காவலுக்கு நின்னவங்க சொந்த குடிதண்ணி மாதிரி. உத்தரவு போட்ட ரோம அதிபதி பிலாத்து அரண்மனைக்குள்ள இருக்கான், வெயில்ல நாள் பூரா நின்னவன் இந்தச் சேவகன், இவன் பாத்திரத்துல இருந்துதான் கடற்காளானை (ஸ்பாஞ்சு) நனைச்சு ஈசோப்புச் செடித் தண்டுல மாட்டி நீட்டுறாங்க.

இதைத்தான் பேசினேன். பேப்பரை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிட்டேன். முதல்ல வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் குடுத்தப்ப அவர் வாங்கிக்கலன்னு மாற்கு 15:23ல இருக்கு, அது வலி மரத்துப்போக குடுக்கிறதுன்னு பல பேர் விளக்கம் சொல்றாங்க. கடைசியில இந்த காடியை மட்டும் வாங்கிக்கிட்டார். யோவான் 4ல சமாரியா கிணத்தடியிலயும் நேரம் இதே மத்தியானம், ஆறாம் மணி வேளை, அங்கயும் "தாகத்துக்குத்தா"ன்னு கேட்டது யார்கிட்ட, யூதன் பேசக்கூடாதுன்னு ஒதுக்கி வச்ச பொம்பளகிட்ட. கேக்கக்கூடாத ஆளுங்ககிட்டயே தண்ணி கேட்டிருக்கார்னு சொல்லிட்டு, முந்தின நாள் பாட்டியை பத்தி ரெண்டு வரி, போலீஸ்காரரை பத்தி ரெண்டு வரி. புல்பிட்டுல பைபிளை புடிச்ச என் விரல் எல்லாம் எலெக்‌ஷன் மை, அத காட்டி பேசல, ஆனா முன்னாடி பாயில இருந்த சின்னப்பிள்ளைங்க அதையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பத்து நிமிஷம்கூட ஆகல. சபையில உப்பளத்துக்கு போற அக்காமாரு நாலஞ்சு பேர் உண்டு, அதுல ஒருத்தங்க கஞ்சி ஊத்துற இடத்துல என் கையை புடிச்சு "டீச்சர், எங்க பொழப்பெல்லாம் கோயில்ல பேசுவாங்களா"ன்னாங்க. எனக்கு அது போதும். பெருமைக்கு சொல்றேன்னு நினைச்சாலும் பரவாயில்ல, பெருமைதான்.

எதிர்ப்பும் வந்துச்சு, மறைக்கல. ஒரு பெரியவர் வெளிய வந்ததும் "என்னம்மா, ஆணி அடிச்சவனை நல்லவனாக்கிட்டீங்க, லூக்கா 23:36ல சேவகர் பரியாசம் பண்ணி காடி குடுத்தான்னு இருக்கே"ன்னார். இருக்கு. நான் அவனை நல்லவன்னு சொல்லல. லூக்கா சொல்றது பரியாசம் நடக்கிற நேரம், யோவான் சொல்றது அவரே தாகம்னு கேட்டப்புறம். சங்கீதம் 69:21ல "என் தாகத்துக்குக் காடியைக் குடிக்கக் கொடுத்தார்கள்"னு அதையும் பகையாளி செய்றதாத்தான் எழுதியிருக்கு, அதுவும் எனக்கு தெரியும். அவன் என்ன மனசோட நீட்டினானோ, அவர் வாங்கிக்கிட்டார், அதுக்கு மேல நான் ஒண்ணும் சேக்கல. பெரியவர் ஒத்துக்கல, இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல, அதனால ஒண்ணும் குறைஞ்சு போகல.

நேரத்தை பத்தி கண்டிப்பா சொல்லணும். பன்னெண்டுல இருந்து மூணு, ஏழு வார்த்தை, பாட்டு ஜெபம் எல்லாம் சேத்து ஒரு வார்த்தைக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் வரும். முதல் வார்த்தைக்கு வர்ற விருந்தாளி ஒரு மணி வரைக்கும் இறங்க மாட்டார், யாரும் துண்டு சீட்டும் குடுக்க மாட்டாங்க, கடைசியில ஆறாவது ஏழாவது ஆளுங்களை "அஞ்சு நிமிஷத்துல முடிங்க"ன்னு நெருக்குவாங்க. "முடிந்தது"ங்கிற வார்த்தையை மூச்சு வாங்க முடிச்ச ஒரு தம்பியை நான் பாத்திருக்கேன். அதனால பத்து நிமிஷத்துக்கு தயார் பண்ணுங்க, அதுலயே அஞ்சு நிமிஷத்துக்கு எதை வெட்டலாம்னு பென்சில்ல கோடு போட்டு வைங்க. காலையில இருந்து உபவாசம் இருக்கிறவங்கதான் முன்னாடி உக்காந்திருப்பாங்க, கரண்டு போனா ஃபேனும் இல்ல. "முதலாவதாக, இரண்டாவதாக" வேண்டாம், "நேரமின்மையால்" வேண்டாம், முன்னாடி பேசினவரை பாராட்டுறது வேண்டாம். எழுந்தவுடனே வசனத்தை வாசிங்க, பேசுங்க, ஒரு வரி ஜெபம், உக்காருங்க.

மூணாவது வார்த்தைதான்னா அதுலயும் நல்லா பேசலாம், "அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்"ங்கிற கடைசி வரியை புடிங்க, எல்லாரும் மரியாள் அழுததோட நிறுத்திடுவாங்க, அவங்க அழுததா யோவான் எழுதவே இல்ல. ஆனா மாத்திக்கணும்னு ஆசை இருந்தா இப்பவே கேளுங்க. லிஸ்ட் குருத்தோலை ஞாயிறுக்குள்ள பிரிண்ட் ஆயிடும், அதுக்கப்புறம் ஒருத்தரும் அசைய மாட்டாங்க. நேரா ஐயர்கிட்ட போறதவிட அவர் சம்சாரம் ஐயரம்மாகிட்ட முதல்ல சொல்லி வைங்க, எங்க சபையில அப்படித்தான் வேலை நடக்கும்.