கோட்டை தூரத்தில், சமாதி பக்கத்தில்

வாசகி ஒருவரின் கேள்வி: பிராட்வேயை ஒட்டிய சந்து ஒன்றில், சட்டக் கல்லூரிக்கு எதிர்ப்புறமாக, மாமனார் வழியில் வந்த வீடு எங்களுடையது. தொண்ணூறு வயதாவது இருக்கும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஐப்பசி மழைக்கு இரண்டு அறைகளும் ஒழுகுகின்றன. கூரையைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு, மகனுக்குக் கல்யாணம் ஆக இருப்பதால் மேலே ஒரு தளமும் எடுக்க நினைக்கிறோம். "கோட்டையில் ராணுவம் இருக்கிறது, அவர்களுடைய தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது, மூன்று லட்சம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். முன்பணமாக இருபத்தைந்தாயிரம் கொடுத்துவிட்டோம். ஆவடியில் இருக்கும் என் தம்பியும், ராணுவச் சுவர் பக்கத்தில் அப்படித்தான் என்கிறான். மேஸ்திரியோ எந்தச் சான்றும் வேண்டாம், லீவு நாட்களில் இரவோடு இரவாக முடித்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

பதில்:

மூன்று பேரில் உங்கள் தம்பி ஒருவர்தான் நல்லெண்ணத்தில் சொல்கிறார். அவர் சொல்வது அவர் ஊருக்குப் பொருந்தும். உங்கள் சந்துக்குப் பொருந்தாது. மற்ற இருவரையும் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை வாசலுக்கு வெளியே உட்கார வையுங்கள்.

முதலில் ராணுவம். ராணுவ இடங்களைச் சுற்றிக் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்த 1903-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி தடை விதிக்க வேண்டுமென்றால் முறையாக அறிவிக்கை வெளியிட வேண்டும், நிலத்துக்காரருக்கு இழப்பீடும் தர வேண்டும். அதற்கு மேல் 2011-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் போட்டது. ராணுவ வளாகத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 100 மீட்டர் வரை எந்தக் கட்டடமானாலும், நான்கு மாடிக்கு மேல் என்றால் 500 மீட்டர் வரை, அந்தப் பகுதி ராணுவ அதிகாரியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. 2016-ல் அதையும் மாற்றி, ஏராளமான நிலையங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்குத் தூரத்தை 10 மீட்டராகக் குறைத்தார்கள். ஆகவே எந்த வளாகம், எந்தப் பட்டியல் என்று பார்க்காமல் "ராணுவம் என்றால் நூறு மீட்டர்" என்று யார் சொன்னாலும் அரைகுறை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப் படை நிலையம் என்று ஊரே சுற்றுச்சுவர்களுக்கு நடுவில் இருக்கிறது. உங்கள் தம்பி அங்கே விசாரித்துக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலுக்கும் உங்கள் சந்துக்கும் நடுவே உயர் நீதிமன்ற வளாகம் முழுவதும் கிடக்கிறது. தூரம் அரை கிலோமீட்டருக்கு மேல். மிகக் கடுமையாக இருந்த 2011-ம் ஆண்டுக் கணக்கை வைத்தாலும், நீங்கள் எடுக்கப்போகும் ஒரு தளத்தை ராணுவம் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொன்று: ராணுவத்தின் கருத்து தேவைப்படும் இடங்களில்கூட, வரைபடத்துக்கு அனுமதி தரும் அலுவலகம்தான் கோப்பை அங்கே அனுப்பிக் கேட்கும். "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, முத்திரை வாங்கி வருகிறேன்" என்று ஒருவர் கிளம்புகிறார் என்றால், முத்திரையைச் செய்கிற இடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் கட்டாதே என்ற சட்டம் உங்கள் பகுதியில் ஒருகாலத்தில் உண்மையாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749-ல் திருப்பித் தந்தார்கள். அதையொட்டிய ஆண்டுகளில்தான் மதிலை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் எதிரி ஒளிந்துகொள்ள வீடு எதுவும் நிற்கக் கூடாது என்பது காரணம். 1773-ல் அந்த வெட்டவெளிக்கு எல்லையாக ஆறு தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பிற்பாடு அந்த வெளியிலேயே உயர் நீதிமன்றத்தைக் கட்டி 1892-ல் திறந்தார்கள். உங்கள் தெருக்கள் அந்த எல்லைக்கு வடக்கே எழுந்த புதிய கறுப்பர் நகரம், பின்னாளைய ஜார்ஜ் டவுன். புரோக்கர் விற்கிற பயம் 250 ஆண்டுப் பழசு.

அப்படியானால் மேஸ்திரி சொல்வதுதான் சரியா என்று கேட்பீர்கள். இல்லை அம்மா. உங்கள் எதிரில் இருக்கும் சட்டக் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு சமாதி இருக்கிறது. 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னராக இருந்த ஈலிஹு யேல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். சிறு வயதில் இறந்துபோன அவருடைய மகன் டேவிட்டும், அவர் மனைவியின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும் அதில் அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கே பழைய ஆங்கிலேயர் இடுகாடு இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்த உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டது என்பதால், முற்றுகை முடிந்ததும் அவற்றையும் இடித்துக் கல்வெட்டுகளைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்கு எடுத்துப் போனார்கள். ஹின்மர்ஸ் சமாதி தப்பியது. இன்று அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம்.

சின்னம் சிறியதா பெரியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1958-ம் ஆண்டின் பழஞ்சின்னங்கள் சட்டத்தை 2010-ல் திருத்தியபோது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகப் போட்டுவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் 100 மீட்டர், இந்தச் சமாதிக்கும் 100 மீட்டர். அந்த நூறுக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர், அனுமதி வாங்கிக்கொண்டு கட்டலாம். ஆக மொத்தம் 300 மீட்டர் வட்டம். கல்லூரி வளாகத்திலிருந்து வட்டம் போட்டால் அது என்.எஸ்.சி. போஸ் சாலையைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிடும். ஜார்ஜ் டவுனில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்காவாக மாறிப்போன பழைய நகர மதிலைச் சுற்றியும் இதே கதைதான். அதன் மேல் நடை பயிலுகிறவர்களுக்கே அது மதில் என்று தெரிவதில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை அளப்பது. நாடாவைத் தூக்கிக்கொண்டு சமாதிக் கல்லிலிருந்து அளக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை எதுவோ அங்கிருந்துதான் கணக்கு. செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தூரம் பார்க்கக் கைபேசிச் செயலி ஒன்று உண்டு. இருந்தாலும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்பது நல்லது. தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? கோட்டைக்குள், கிளைவ் மாளிகையில். ராணுவத்தைப் பார்க்கக் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேன். சமாதிக்காகப் போகத்தான் வேண்டும். தலைமைச் செயலகமும் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

வீடு 100 மீட்டருக்குள் விழுந்தால் மேல் தளம் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். அதற்கு விலக்கு இல்லை. ஆனால் கூரைக்கு ஒரு விலக்கு உண்டு. கவனமாகப் படியுங்கள், பலரும் சறுக்குகிற இடம் இதுதான். 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே நிற்கிற வீடு என்றால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். பழுது என்றால் இருக்கிற கட்டடத்தில் செய்கிற மாற்றம். இடித்துவிட்டு அதே அளவில், அதே உயரத்தில் திரும்ப எழுப்பினால் அதற்குப் பெயர் மறுகட்டுமானம், நூறு மீட்டருக்குள் அது கிடையாது. உளுத்துப்போன தேக்கு உத்திரத்தை மாற்றுகிறீர்கள், அது பழுது. செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டை ஓடு பதிக்கிறீர்கள், அதுவும் பழுது. உத்திரம் உட்காரும் சுவர் வீங்கியிருக்கிறது என்று அந்தச் சுவரை இறக்கிவிட்டுப் புதிதாக எழுப்பினால்? இங்கேதான் மேஸ்திரிகளின் கைவரிசை. இந்த மாதம் தெற்குச் சுவர், அடுத்த மாதம் மேற்குச் சுவர், ஒவ்வொன்றும் "பழுதுதான் சார்" என்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய வீட்டில் மிச்சம் இருப்பது வாசற்படி மட்டும். அதிகாரி வந்து நின்றால் மேஸ்திரி அடுத்த தெருவில் வேறு வேலையில் இருப்பார், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்திலேயே எந்தச் சுவர், எத்தனை அடி, ஏன் என்பதைப் புகைப்படத்தோடு எழுதிவிடுங்கள். உத்திர முனை சுவருக்குள் எவ்வளவு உளுத்திருக்கிறது என்று ஒரு கட்டடப் பொறியாளரை வைத்துத் தட்டிப் பார்த்து அறிக்கை வாங்கி இணையுங்கள்.

1992-க்கு முந்தைய வீடு என்று எப்படிக் காட்டுவது? தொண்ணூறு வயது வீடு, பார்த்தாலே தெரியாதா என்று கேட்காதீர்கள். அலுவலகத்துக்குக் கண் கிடையாது, காகிதம்தான் உண்டு. பழைய சொத்து வரி ரசீது, "மச்சு வீடு" என்று விவரம் எழுதிய மூலப் பத்திரம், பழைய மின் இணைப்பு அட்டை, குடிநீர் வரி ரசீது. இவற்றில் இரண்டேனும் மாமனார் பெட்டியில் இருக்கும். வீடு இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றையும் பட்டாவையும் முதலில் சரிசெய்யுங்கள். அதில் நின்றுவிட்டால் மற்றது எதுவும் நகராது.

வீடு நூறைத் தாண்டி 300-க்குள் இருந்தால், உங்கள் சந்தைப் பற்றிச் சொன்னதை வைத்து எனக்குத் தோன்றுவது அதுதான், கூரைப் பழுது, மேல் தளம் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போடலாம். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஏட்டில் உள்ள கணக்கு இது: உள்ளூர்த் தகுதி அதிகாரி 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும், அதன் பிறகு ஒரு மாதத்தில் உங்களுக்குப் பதில் வர வேண்டும். நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும் போலத் தோன்றுகிறது அல்லவா? ஒரு படத்தில் வடக்குத் திசை அம்புக்குறி இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஓடும். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக, எந்த உயரம் வரை கட்டலாம் என்று துணைவிதி வகுக்கச் சொன்னது அதே 2010 திருத்தம். பல சின்னங்களுக்கு அது இன்னும் வரவில்லை. வகுத்திருந்தால் வாசலில் ஒரு பலகை வைத்து முடித்திருக்கலாம், மூன்று லட்சத்துக்கு ஒரு புரோக்கர் முளைத்திருக்க மாட்டார். மூன்று நூற்றாண்டு பழைய கல்லைக் காப்பாற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை. அதைச் சுற்றிக் குடியிருக்கிறவருக்கு ஒரு வார்த்தை எழுதிச் சொல்லாமல், கட்டி முடித்த பிறகு நோட்டீஸ் ஒட்டுகிற வழக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

புரோக்கர்கள் உங்களிடம் இன்னும் இரண்டு சரக்கு விற்க வருவார்கள். ஒன்று, 2024-ல் வந்த சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் இணையத்தில் உடனடியாக அனுமதி கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அது மாநில அரசின் அனுமதி. சமாதி வட்டம் மத்தியச் சட்டம். "எந்தத் தடையும் இல்லை" என்று அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள், புரோக்கர் அல்ல. இரண்டு, சமாதியையே எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு. 2023-ல் அதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பிறந்தது உண்மை. அந்தச் செய்தித்தாள் துண்டைக் காட்டி, வட்டம் ரத்தாகிவிட்டது என்கிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற நாளில் சின்னம் பட்டியலில் இருக்கிறதா என்று கிளைவ் மாளிகையில் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் காகிதம் ஒன்றுதான் உங்களைக் காக்கும்.

முன்பணம் கொடுத்த புரோக்கரிடம் சண்டை வேண்டாம். எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில், என்ன எண்ணில் விண்ணப்பம் போட்டார் என்று குறுஞ்செய்தியில் கேளுங்கள். பதில் வராது. பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவையும் இந்தச் செய்தியையும் வைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள். கையில் கொடுத்திருந்தால் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மிச்சத்தைக் கொடுக்காமல் இருந்தால் இரண்டே முக்கால் லட்சம் லாபம்.

மேல் தளம் பற்றி ஒரே வார்த்தை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்பதை அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒழுகலை நிறுத்த என்று கூரைமேல் சிமென்ட் கான்கிரீட் கொட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாரம் ஏறும், உளுத்த உத்திரம் இறங்கும்.

அனுமதி வருவதற்குள் ஐப்பசி வந்துவிடும். அதுவரை ஒழுகும் இரண்டு அறைகளிலும் உத்திரங்களுக்குக் கீழே சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, மேலே தார்ப்பாயை மழைநீர் குழாய்ப் பக்கம் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். முட்டுக் கட்டையின் அடியில் பலகை வைக்க மறந்தால் தரை ஓடு உடையும்.