குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிபெயர்வதற்கு முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

முதலில் தண்ணீர். வாடகை பேசும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். நகரத்துக்குக் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் செய்யப்பட்டு வருகிறது. வைட்ஃபீல்ட், வர்த்தூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் பல குடியிருப்புகள் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியே இருந்தன. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தரகர் "தண்ணி பிரச்சினையே இல்ல சார்" என்றுதான் சொல்வார். வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். ஏப்ரலில் டேங்கருக்கு என்ன செலவானது, மெயின்டனன்ஸில் அது சேருமா என்பதுதான் கேள்வி.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை வரை கேட்பார்கள். பேரம் பேசலாம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகள் இருந்தால் பள்ளியை முடிவு செய்துவிட்டு அதன் அருகில் வீடு தேடுவதே நல்லது என்பேன். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் ஸ்கூல் பஸ் பயணம் குழந்தையைச் சோர்வாக்கிவிடும். 2015-ல் வந்த கர்நாடகச் சட்டப்படி பள்ளியில் கன்னடமும் ஒரு பாடம். சின்ன வகுப்பென்றால் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்; எட்டாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று பள்ளியில் தெளிவாகக் கேளுங்கள்.

அப்புறம் வண்டி. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நம்மூர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று தேவை.