பழைய உதுமானிய அதிகாரி படங்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான்: 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சுப்படங்களில் பெரிய தலைப்பாகையும் விலங்கு ரோமம் வைத்த அங்கியுமாக நிற்கும் உதுமானிய (துருக்கியப் பேரரசின்) அதிகாரிகள் உண்மையில் அப்படித்தான் இருந்தார்களா?

உடையை ஓரளவு நம்பலாம், முகத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை தனி மனிதரின் படங்களே அல்ல, பதவியின் படங்கள். கீழே 'பிரதம வசீர்' (தலைமை அமைச்சர்), 'ஜானிசரிகளின் ஆகா' (சுல்தானின் காலாட்படைத் தளபதி) என்று பதவிப் பெயர்தான் இருக்கும்.

இவற்றில் பலவற்றுக்கு மூலம் ஒரே தொகுப்பு. 1699இல் பிரெஞ்சுத் தூதராக இஸ்தான்புல் போன ஃபெரியோல், ழான் பாப்டிஸ்ட் வான்மூர் என்ற ஓவியரிடம் 1707-08இல் நூறு ஓவியங்கள் வரையச் சொன்னார். அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1714இல் பாரிஸில் வெளியிட்டார்கள். (இந்த ஃபெரியோல், வாளைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து சுல்தானைப் பார்க்காமலே அரண்மனையிலிருந்து திரும்பிய ஆள். சம்பிரதாய உடைமேல் அவருக்கு அக்கறை வந்ததில் ஆச்சரியமில்லை!) வான்மூர் 1737இல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே வாழ்ந்தவர், நேரில் பார்த்து வரைந்தவர். அதனால்தான் உடையை நம்பலாம் என்கிறேன்.

அந்த உடையிலும் முதலில் பார்க்க வேண்டியது தலையை. உதுமானிய அரசில் யார் எதை அணியலாம் என்பதற்குக் கறாரான முறை இருந்தது. கூம்பு போல உயர்ந்து, குறுக்கே தங்கப் பட்டை ஓடினால் வசீர். பின்பக்கம் சட்டைக்கை மாதிரி துணி மடிந்து தொங்கினால் ஜானிசரி. தாடியில்லாத கறுப்பு முகத்தோடு ரோம அங்கி என்றால் அநேகமாக ஆண்மை நீக்கப்பட்ட அந்தப்புர ஊழியர்களின் தலைவராகிய கிஸ்லார் ஆகா. அரண்மனையில் அவருக்கிருந்த செல்வாக்கைக் கண்டு வசீர்களே பயந்த காலம் உண்டு.

உடையின் நிறத்தை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அச்சு கறுப்பு வெள்ளைதான், வண்ணம் அப்புறம் கையால் பூசியது. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும் என்பதால் வாள் தவறான பக்கம் தொங்கவும் வாய்ப்புண்டு.

நகல்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பா முழுக்க இந்தப் படங்களைப் பார்த்து வரைந்து தள்ளினார்கள். வெனிஸின் குவார்தி சகோதரர்களும் இவற்றைப் பார்த்துத்தான் துருக்கியக் காட்சிகளைத் தீட்டினார்கள்.

1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதிகாரிகளின் தலைப்பாகையை எடுத்துவிட்டு ஃபெஸ் என்ற குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியை மாட்டிவிட்டார், சமய அறிஞர்கள் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பிந்தைய தேதியிட்ட படத்தில் ஒரு வசீர் பிரம்மாண்டத் தலைப்பாகையோடு நின்றால், அது எந்தப் பழைய படத்தின் நகல் என்று தேடுங்கள்.