ஆடு பெண்ணுடையது, உரிமம் யாருடையது?

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் கால்நடைப் பண்ணை நடத்தி நிலத்தைப் பேணிவரும் பூர்வகுடிப் பெண்களுக்குத் தனி ஆதரவு தேவை என்கிறார்கள். அவர்களுக்கென்றுதான் இலட்சக்கணக்கான ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறதே, நிலம் இருப்பவருக்கு எதற்கு உதவி?
*ஒரு வாசகர், திண்டுக்கல்*

பதில்: நிலம் இருப்பது வேறு, அதை வைத்துப் பிழைக்க முடிவது வேறு. 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம், பழங்குடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்ற கணக்கில் துண்டாடி, ‘மிச்சம்’ என்று சொல்லப்பட்டதை வெள்ளையர் குடியேறத் திறந்துவிட்டது. அன்று சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம், 1934இல் சுமார் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. எஞ்சிய துண்டுகள் பலவும் அரசின் பொறுப்பாட்சியில் இருப்பதால், உரியவர் இறந்தபின் நிலம் அளந்து பிரிக்கப்படாமல், பங்கு மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்துகொண்டே போகிறது. கூட்டுப் பட்டாவில் பத்துப் பெயர் இருந்தாலே என்ன பாடு என்பது தாங்கள் அறியாததல்ல. அங்கே ஒரே துண்டுக்கு நூற்றுக்கணக்கான பங்காளிகள் இருப்பதுண்டு. குத்தகைக்கு விடவும் அடமானம் வைக்கவும், பூர்வகுடியினரின் காரியங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அலுவலகமான ‘இந்திய விவகாரப் பணியகத்தின்’ ஒப்புதல் வேண்டும் என்பதால், இத்தகைய நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன.

கடன் என்பது கால்நடைத் தொழிலுக்கு மூச்சு. பசுக்கள் பெரும்பாலும் வசந்தத்தில் ஈனும்; கன்றுகளை இலையுதிர் காலத்தில் விற்றால்தான் கையில் காசு புரளும். இடைப்பட்ட மாதங்களில் தீவனத்துக்கும் வேலிக்கும் வேண்டிய கடன் இரண்டு மாதம் தாமதமானால், தாய்ப்பசுவையே விற்க நேரிடும். அது போனால் அடுத்த ஆண்டின் கன்றும் போயிற்று. ஸ்டாண்டிங் ராக் சூ இனத்தைச் சேர்ந்த பண்ணைக்காரர் மரிலின் கீப்ஸீகிளும் அவருடைய கணவர் ஜார்ஜும் வேறு சிலரோடு சேர்ந்து, பூர்வகுடியினருக்குக் கடன் தருவதில் வேளாண் துறை பாகுபாடு காட்டியது என்று 1999இல் வழக்குத் தொடுத்தனர். 2010இல் 68 கோடி டாலர் இழப்பீட்டுக்கும் 8 கோடி டாலர் கடன் தள்ளுபடிக்கும் அரசு இணங்கியது. எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இழப்பீடு கோரியதால், பெருந்தொகை மிஞ்சிவிட்டது. அது இழந்தவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று மரிலினே நீதிமன்றத்தில் வாதாடினார். அதில் ஒரு பகுதிதான் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது; சுமார் 26.6 கோடி டாலரைக் கொண்டு 2018இல் பூர்வகுடி வேளாண்மைக்கான அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அறக்கட்டளை பயனுள்ளதுதான், ஆயினும் வழக்கைத் தன் பெயரில் சுமந்த பெண்ணின் சொல் ஏறாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மொன்டானாவின் பிளாக்ஃபீட் இனத்தவரான எலூயீஸ் கொபெலும் கணவரோடு பண்ணை நடத்தியவர். தம் மக்களுக்கென ஒரு வங்கி உருவாக முன்னின்றவரும் அவரே. பூர்வகுடியினரின் நிலக் குத்தகைப் பணத்துக்கு அரசு ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை என்று 1996இல் அவர் தொடுத்த வழக்கு, 2009இல் 340 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அதில் 190 கோடி, சிதறிய பங்குகளை விருப்பமுள்ளோரிடம் விலைக்கு வாங்கி அந்தந்த இனத்தின் பொதுவுடைமையாக்க ஒதுக்கப்பட்டது. பயிற்சி முகாம்களைவிட இப்படிப்பட்ட வேலையைத்தான் நான் ஆதரவு என்பேன்.

கேள்வி: நவஹோ மக்களிடையே ஆடுகள் பெண்களுக்கே சொந்தம் என்கிறார்களே, உண்மையா?
*ஒரு வாசகி, ஈரோடு*

பதில்: பெரும்பாலும் உண்மை. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பூர்வகுடியினரான, தங்களைத் தினே என்று அழைத்துக்கொள்ளும் அம்மக்கள் தாய்வழிக் குலத்தினர். பெண்களுக்கென்று சொந்த ஆடுகள் உண்டு. கம்பளி நூற்று நெய்வதும் பெரிதும் அவர்களே. 1930களில் மண் அரிப்பைக் காரணம் காட்டியும், அப்போது கட்டப்பட்டுவந்த பெரிய அணையில் வண்டல் சேரும் என்று அஞ்சியும், அரசு மந்தைகளைக் குறைக்கத் தொடங்கியது. 1934இல் வெள்ளாடுகளின் முறை வந்தது. இரயில் நிலையம் வரை ஓட்டிச்செல்ல முடியாதவை சில இடங்களில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டன. குழந்தைகளுக்குப் பாலும் ஏழை வீட்டுக்கு இறைச்சியும் தந்தவை அவை. உரியவர்களான பெண்களைக் கலந்து எடுத்த முடிவில்லை.

அடுத்து வந்தது, எத்தனை கால்நடை வைத்துக்கொள்ளலாம் என்று வரையறுக்கும் மேய்ச்சல் உரிமம். எல்லாம் செம்மறிக் கணக்கு: ஒரு மாட்டுக்கு 4 ஆடு, ஒரு குதிரைக்கு 5 ஆடு என்று கழித்துக்கொள்வார்கள். உரிமத்தைக் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் எழுதியபோது, அதிகாரிகளின் கண்ணுக்குத் தலைவராகத் தெரிந்தவர் பெரும்பாலும் ஆண். ஆடு ஒருவருடையது, மேய்க்கும் உரிமை மற்றொருவருடையது என்றாயிற்று. அதோடு நவஹோ நிலத்தை 18 மேய்ச்சல் மாவட்டங்களாக வகுத்ததில், கோடைக்கு மலையும் குளிருக்குத் தாழ்நிலமும் தேடி மந்தையை நடத்தி, புல்லுக்கு ஓய்வு கொடுத்துவந்த பழைய வழக்கம் பல குடும்பங்களுக்கு முறிந்தது. நிலத்தைக் காக்க வந்த திட்டம், நிலத்தைக் காத்த முறையையே குலைத்தது.

கேள்வி: என் மகள் அரிசோனாவில் வசிக்கிறாள். அவளால் ஆகக்கூடியது ஏதேனும் உண்டா?
*மற்றொரு வாசகி, தஞ்சாவூர்*

பதில்: உண்டு. நவஹோ சுர்ரோ என்னும் நாட்டுச் செம்மறி இனம், 1970களில் சில நூறு ஆடுகளே எஞ்சும் அளவுக்கு அருகி, பிறகு மீட்கப்பட்டது. அதை இன்று வளர்க்கும் பெண்களிடமே கம்பளியோ விரிப்போ வாங்கச் சொல்லுங்கள். ‘நவஹோ பாணி’ என்ற பெயரில் வேறெங்கோ நெய்தவை சந்தையில் ஏராளம். பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே யார் நெய்தார், எந்த ஆட்டின் கம்பளி என்று கூச்சப்படாமல் கேட்கலாம். சுர்ரோவின் கம்பளி நீள இழை கொண்டது, பிசுக்குக் குறைந்தது; அலசக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்பதால்தான் அந்த வறண்ட மண்ணில் அதற்கு அவ்வளவு மதிப்பு. முடிந்தால் மந்தையையும் ஒருமுறை பார்த்து வரட்டும். அந்த இனத்தின் கிடாக்களில் சிலவற்றுக்கு நான்கு கொம்புகள் இருக்கும்.