சிலிண்டருக்குள் இருப்பது வாயுவா, திரவமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல்பிஜி சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ தளும்புகிறது. லைட்டரிலோ திரவம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் இரண்டிலிருந்தும் வெளியே வருவது வாயு. பள்ளியில் பொருள்களைத் திடம், திரவம், வாயு என்று மூன்று பட்டியலாக எழுதச் சொன்னார்கள். எல்பிஜியை எதில் எழுதுவது? வண்டிகளில் நிரப்பும் சிஎன்ஜியும் இப்படித் திரவம்தானா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

கோளாறு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. திரவமாக இருப்பது ஒரு பொருளின் பிறவிக்குணம் அல்ல. வெப்பநிலையும் அழுத்தமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்கிறோம், 'சாதாரண வளிமண்டல அழுத்தத்தில்' என்ற பாதியை விட்டுவிடுகிறோம். எவரெஸ்ட் உச்சியில் அது 70 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

எல்பிஜியில் முக்கியமாக இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். திறந்த வெளியில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. அதனால் வெளியே விட்டால் வாயு. வளிமண்டலத்தைப்போல் சில மடங்கு அழுத்தம் கொடுத்தால் போதும், திரவமாகிவிடும். சிலிண்டருக்குள் கீழே திரவம், மேலே அதன் ஆவி. குழாயைத் திறந்ததும் ஆவி கொஞ்சம் வெளியேறும், அழுத்தம் லேசாக இறங்கும், உடனே திரவம் கொதித்து அந்தக் குறையை நிரப்பும். ஆக, திரவம் தீரும்வரை அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரியவேண்டுமானால் அழுத்தமானியைப் பார்த்துப் பயனில்லை, எடைதான் போடவேண்டும்.

கொதிப்பதற்கு வெப்பம் வேண்டுமே, அடியில் யாரும் தீ வைக்கவில்லையே? திரவம் தன்னிடமிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும்தான் அதை எடுத்துக்கொள்கிறது. பெரிய அடுப்பைத் தொடர்ந்து எரித்தால் சிலிண்டரின் கீழ்ப்பகுதி சில்லென்று ஆகி, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். திரவம் நிற்கும் மட்டம்வரை ஈரம், அதற்கு மேல் காய்ந்த இரும்பு. (கசிவு என்று இதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. வெறும் தண்ணீர்தான்.)

சிஎன்ஜி விஷயம் வேறு. அதில் பெரும்பங்கு மீத்தேன். சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்தும் அது வாயுவாகவே இருக்கிறது. அதனால்தான் அந்த உருளைகள் அவ்வளவு உறுதியாகச் செய்யப்படுகின்றன. ஏன் திரவமாவதில்லை? அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியலாளர் கார்பன் டை ஆக்சைடை அழுத்தி அழுத்திப் பார்த்து, 1869-ல் இதற்கு விடை சொன்னார். 31 டிகிரிக்கு மேல் போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகப் பிரிந்து நிற்பதில்லை. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. புரொப்பேனுக்கு அது 97 டிகிரி, நம் அறை வெப்பம் அதற்கு வெகு கீழே. மீத்தேனுக்கோ மைனஸ் 82. அறை வெப்பத்தில் அழுத்தத்தை மட்டும் நம்பி ஒன்றும் நடக்காது. கப்பலில் ஏற்றும்போது மைனஸ் 162 டிகிரிவரை குளிர்வித்துத்தான் அதைத் திரவமாக்குகிறார்கள். அப்போது பெரிய அழுத்தமே தேவைப்படுவதில்லை, கொள்ளளவும் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்காகிவிடுகிறது.