ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டாவது கர்ப்பம், இப்போது 13 வாரம். முதல் கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்ஸியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) வந்து, 34-வது வாரத்திலேயே குழந்தையை எடுத்துவிட்டார்கள். அது மறுபடி வராமல் தடுக்க ஒரு புது மருந்தை ஆராய்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். "வயிற்றுப் பிள்ளையோடு சோதனை எலி ஆகாதே" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: மாமியாரின் பயம் வீண் பயம் இல்லை. 1957-ல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் மசக்கை வாந்திக்குச் சாப்பிட்டார்கள். 1961-ல் அதை நிறுத்தத் தொடங்கினார்கள்; ஆனால் அதனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடு போன்ற பாதிப்புகளுடன் பிறந்தன. ஆனால் அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் ஆய்வில் சேர்ந்தவர்கள் அல்ல. விற்பனையில் இருந்த மாத்திரையை நம்பிச் சாப்பிட்டவர்கள். கர்ப்பிணிகளுக்கு ஏற்றதா என்று முறையாக ஆராயாமலே விற்றதுதான் வினை.

இன்னொன்று எங்களுக்கே வெட்கக்கேடு. கருச்சிதைவைத் தடுக்கும் என்று டி.இ.எஸ். என்ற ஹார்மோனைக் கொடுத்துவந்தார்கள். பயனில்லை என்று 1953-லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. மருத்துவர்கள் கேட்கவில்லை. அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது 1971-ல் தெரியவந்த பிறகுதான் கை நின்றது.

இனி உங்கள் விஷயம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: வெறும் மாத்திரை வாங்குபவருக்கும் ஆஸ்பிரின் உண்டா?

2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,776 கர்ப்பிணிகள் இருந்தார்கள். தினமும் இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதத்தினருக்குத்தான் 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கவேண்டிய ப்ரீ-எக்லாம்ப்ஸியா வந்தது; வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம். உங்களைப் போல ஒருமுறை வந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் இன்று வழக்கமான சிகிச்சை. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால் நல்லது. அதனால் இரு தரப்புக்கும் ஆஸ்பிரின் கொடுத்து, அதற்கு மேல் புது மருந்தையோ வெறும் மாத்திரையையோ சேர்க்கிறார்கள் என்றால் ஆய்வு நியாயமானது, யோசிக்கலாம். ஆஸ்பிரினையே நிறுத்தி வைக்கச் சொன்னால் சேராதீர்கள். (நீங்களாகக் கடையில் வாங்கிப் போடவும் வேண்டாம். ஒவ்வாமை, குடல்புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது ஆகாது.)

டாக்டருக்கே தெரியாது என்பதில் சூது ஒன்றும் இல்லை. தெரிந்தால் எங்கள் ஆசை கணக்கில் புகுந்துவிடும். அவசரம் என்றால் யாருக்கு எது என்பதைக் காட்டும் ரகசியக் குறியீட்டைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கும். யார் பிரிப்பார்கள், ராத்திரியில் யாரை அழைப்பது என்று கேட்டு வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து மாமியாரும் நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். இந்த மருந்தை இதற்கு முன் கர்ப்பிணிகள் எடுத்திருக்கிறார்களா, பாதிப்பு நேர்ந்தால் செலவு யாருடையது, பிறந்த குழந்தையை எத்தனை வருடம் கவனிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும், விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆஸ்பிரின் கேள்வியை மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.